மாத்திரையும் மனமும்: புதிய மருந்தைத் தொடங்கும் முன் சீர்தூக்கிப் பார்ப்போம்



திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்று பேசும்போது, "எனக்குச் சர்க்கரை, மூன்று வேளை மாத்திரை" என்று சொல்ல நமக்குக் கூச்சம் இல்லை. இரத்த அழுத்தம், தைராய்டு, மூட்டுவலி என எல்லாவற்றையும் சத்தமாகவே பேசிக்கொள்கிறோம். ஆனால் வீட்டில் ஒருவர் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நம் குரல் தாழ்ந்துவிடுகிறது. குரல் தாழ்த்திப் பேசப்படும் எதைப் பற்றியும் சரியான செய்தி பரவுவதில்லை, பயம் மட்டும்தான் பரவுகிறது.

"அந்த மாத்திரை சாப்பிட்டால் ஆள் மந்தமாகிவிடுவான்", "ஒருமுறை தொடங்கினால் விடவே முடியாது" என்று ஒரு பக்கம் பயமுறுத்துகிறார்கள். "டாக்டர் கொடுத்தார் அல்லவா, கேள்வி கேட்காமல் விழுங்கு" என்று மறுபக்கம் அதட்டுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, கையில் புதிய மருந்துச் சீட்டுடன் ஒரு மகனோ மகளோ நிற்கிறார். அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் உதவும் வகையில் சிலவற்றை எண்ணிப் பார்ப்போம். அருள்பணியாளர்களாகிய நாம் மருத்துவர்கள் அல்ல. மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க உதவுவதே இந்தச் சிந்தனையின் நோக்கம்.

இந்த மருந்துகள் என்ன செய்கின்றன?

யாரும் பேசாதபோது குரல் கேட்பது, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, பேச்சு கோர்வையற்றுப் போவது - இவை மனச்சிதைவு நோயின் அடையாளங்கள். இருமுனைக் கோளாறின் சில கட்டங்களிலும் இவை வரலாம். மனச்சிதைவு நோய் உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படுகிறது. 3000 பேர் உள்ள ஒரு பங்கில் ஏறத்தாழ 10 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 10 குடும்பங்களும் நம்மோடு ஒரே ஆலயத்தில்தான் முழந்தாளிடுகின்றன.

1952-ஆம் ஆண்டு பாரீசில் குளோர்புரோமசின் என்ற மருந்து இந்நோய்க்கு முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. அதற்குப் பின் வந்த மருந்துகளில் பெரும்பாலானவை மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயலைக் கட்டுப்படுத்துகின்றன. குரல்கள் அடங்குகின்றன, சந்தேகங்கள் தளர்கின்றன. ஆனால் டோபமைன் ஒரே இடத்தில் மட்டும் வேலை செய்வதில்லை. நம் உடல் அசைவுகளைச் சீராக நடத்துவதும் அதுதான். எனவே ஓரிடத்தில் அதைத் தடுக்கும்போது, இன்னோரிடத்தில் கைகால் விறைப்பும் நடுக்கமும் வரலாம். சில மருந்துகள் தூக்கத்தையும் பசியையும் கவனிக்கும் பகுதிகளையும் தொடுகின்றன. அதனால் தூக்கக் கலக்கமும் உடல் எடையும் கூடுகின்றன. ஆக, பக்கவிளைவு வந்தது என்றால் மருத்துவர் தவறான மருந்தைக் கொடுத்துவிட்டார் என்று பொருளல்ல. ஒரே சாவி நமக்கு வேண்டிய கதவோடு, வேண்டாத கதவையும் சேர்த்துத் திறந்துவிடுகிறது.

இரண்டு தட்டுகள்

தராசு என்றால் இரண்டு தட்டுகள் வேண்டும். நாம் பெரும்பாலும் ஒரு தட்டை மட்டுமே பார்க்கிறோம். மருந்தின் பக்கவிளைவுகளை ஒன்றுவிடாமல் எண்ணுகிறோம்; மருந்து இல்லாமல் போனால் நோய் என்ன செய்யும் என்பதை மறுதட்டில் வைக்க மறந்துவிடுகிறோம்.

2012-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில், மனச்சிதைவு நோயாளர் பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று வெளிவந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் 100-க்கு 27 பேர். மருந்து நிறுத்தப்பட்டு வெற்று மாத்திரை பெற்றவர்களிலோ 100-க்கு 64 பேர். இது ஒரு தட்டு. மருந்து எடுத்தவர்களில் 100-க்கு 10 பேருக்கு எடை கூடியது, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 5 பேருக்கு. உடல் அசைவுத் தொல்லைகள் 16 பேருக்கும் 9 பேருக்கும் வந்தன. தூக்கக் கலக்கம் 13 பேருக்கும் 9 பேருக்கும் இருந்தது. இது மற்றொரு தட்டு.

இந்த எண்கள் நமக்கு இரண்டு உண்மைகளைச் சொல்கின்றன. மருந்தின் பயன் பெரியது. பக்கவிளைவும் கற்பனை அல்ல. "எல்லாம் உன் மனப்பிரமை, மாத்திரையைப் போடு" என்று நோயாளரிடம் சொல்வது நியாயம் ஆகாது. "பக்கவிளைவு இருக்கிறது, ஆகவே வேண்டாம்" என்று தூக்கி எறிவதும் அறிவுடைமை ஆகாது. நோய் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் படிப்பு தடைபடலாம், வேலை போகலாம், உறவுகள் முறியலாம், உயிருக்கே ஆபத்து வரலாம்.

எந்த மருந்துக்கு எந்தத் தொல்லை?

எல்லா மருந்துகளும் ஒன்றுபோல் அல்ல. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில் விறைப்பும் நடுக்கமும் அதிகம். தொடங்கிய சில நாட்களிலேயே சிலருக்கு, குறிப்பாக இளம் ஆண்களுக்கு, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். கண்கள் மேலே செருகிக்கொள்ளும். பார்ப்பதற்கு அச்சமாக இருக்கும். "பேய் பிடித்துவிட்டது" என்று மந்திரிக்க அழைத்துப் போகிறவர்களும் உண்டு. அது மருந்தின் விளைவு. மருத்துவமனையில் போடும் ஓர் ஊசியில் பெரும்பாலும் சிறிது நேரத்திலேயே சரியாகிவிடும். வேறு சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும், நடந்துகொண்டே இருப்பார்கள். அதை நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் தவறாக எண்ணுவது உண்டு. பல மாதங்கள், ஆண்டுகள் கழித்து வாயும் நாக்கும் தாமாக அசையும் தொல்லையும் சிலருக்கு வரலாம். அது எளிதில் நீங்காது என்பதால், தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஓலன்சபின், குளோசபின் ஆகிய மருந்துகளில் விறைப்பு குறைவு. ஆனால் எடை, சர்க்கரை, கொழுப்பு ஆகியவை கூடும் வாய்ப்பு மிக அதிகம். குவெட்டியாபின் தூக்கத்தைத் தரும்; எடையும் ஓரளவு கூடும். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு ஆகியவை புரோலாக்டின் என்ற சுரப்பைக் கூட்டலாம். அதனால் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம், தாய்மை அடையாதவருக்கும் மார்பில் பால் சுரக்கலாம். காரணம் தெரியாத குடும்பம் அந்தப் பெண்ணைச் சந்தேகித்துக் கேள்வி கேட்டால், ஏற்கெனவே நொந்த உள்ளம் எப்படித் துடிக்கும்! ஆண்களுக்கு மார்பு பெருப்பதும் இல்லற உறவில் நாட்டம் குறைவதும் உண்டு. வெட்கத்தால் இதை யாரும் வெளியே சொல்வதில்லை; ஓசையின்றி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அரிப்பிப்ரசோலில் எடைத் தொல்லையும் புரோலாக்டின் தொல்லையும் குறைவு. ஆனால் முதல் வாரங்களில் உட்காரவிடாத தவிப்பு வரக்கூடும்.

2024 செப்டம்பரில் அமெரிக்காவில், டோபமைனை நேரடியாகத் தடுக்காமல் வேறு வழியில் செயல்படும் சனோமெலின்-டிரோஸ்பியம் என்ற கூட்டு மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், இதயத்துடிப்பு கூடுதல் என அதற்கும் தனிப் பட்டியல் உண்டு. தொல்லையே தராத மருந்து இன்னும் வரவில்லை. ஆகவே "பக்கவிளைவு உண்டா?" என்று மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. "எந்தப் பக்கவிளைவு, யாருக்கு, எவ்வளவு காலம், அதற்கு என்ன வழி?" என்று கேட்க வேண்டும்.

ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம்

24 வயது இளைஞர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பங்கின் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். ஓராண்டுக்கு முன் நோய் வந்தபோது வீட்டை விட்டுப் போய் மூன்று நாள் கழித்துக் கிடைத்தவர். ரிஸ்பெரிடோன் தொடங்கியபின் குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் விரல்கள் விறைத்துவிட்டன, வாசிக்க முடியவில்லை. "இந்த மாத்திரை எனக்கு வேண்டாம்" என்கிறார். "மறுபடியும் உன்னைத் தேடி அலைய என்னால் முடியாதப்பா" என்கிறார் தாய். தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு.

இங்கே யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரிதான். மகன் கேட்பது தன் வாழ்வை. தாய் கேட்பது தன் மகனை. மாத்திரையை நிறுத்துவது, அப்படியே தொடர்வது என்ற இரண்டு வழிகள்தான் உண்டு என்று இருவரும் நினைப்பதால்தான் சண்டை வருகிறது. நடுவே பல வழிகள் உள்ளன.

முதல் வழி, இதே மருந்தின் அளவை மருத்துவர் மெல்லக் குறைத்துப் பார்ப்பது. இரண்டாவது, விறைப்பைத் தளர்த்தும் டிரைஹெக்ஸிபெனிடில் போன்ற மாத்திரையைச் சேர்ப்பது. அது விரல்களுக்கு உதவும், ஆனால் வாய் உலரும், மலச்சிக்கலும் மறதியும் வரலாம். மூன்றாவது, ஓலன்சபினுக்கு மாறுவது. விரல்கள் தளரலாம், ஆனால் தந்தையின் சர்க்கரை நோயை மறுதட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். நான்காவது, அரிப்பிப்ரசோலுக்கு மாறுவது. விறைப்பும் எடையும் குறைவாக இருக்கலாம், தவிப்பு வரலாம். மாற்றம் நடக்கும் வாரங்களில் நோய் தலைகாட்டும் வாய்ப்பும் உண்டு.

மருத்துவர் முன் இவை எல்லாவற்றையும் வைத்துப் பேசினால் முடிவு இப்படி அமையலாம்: முதலில் அளவைக் குறைத்துப் பார்ப்பது, போதவில்லை என்றால் அரிப்பிப்ரசோலுக்குப் படிப்படியாக மாறுவது, மூன்று மாதம் கழித்து மூவரும் மீண்டும் அமர்ந்து பேசுவது. தாயின் அச்சத்துக்கும் இதில் இடம் உண்டு. தூக்கமில்லாத இரண்டு இரவுகள், அறைக்கதவைப் பூட்டிக்கொள்வது, தொலைக்காட்சி தன்னைப் பற்றியே பேசுகிறது என்பது போன்ற முன் அடையாளங்களை மகனே தன் கையால் எழுதித் தாயிடம் கொடுக்கிறார். "இவற்றில் ஒன்று தெரிந்தாலும் என்னை அழைத்துப் போங்கள், மறுக்க மாட்டேன்" என்கிறார். விரல்களுக்காக மகன் கேட்டது வீண்போகவில்லை. மகனுக்காகத் தாய் அஞ்சியதும் வீண்போகவில்லை.

வேறொருவருக்கு வேறு முடிவு பொருந்தும். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்குத் தூக்கக் கலக்கம் பெரிய சுமை. தூங்காமல் தவிப்பவருக்கோ அதுவே முதலில் ஆறுதல். மாத்திரை மறந்துபோகிறவருக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி நல்லதாக இருக்கலாம். ஆகவே "பக்கத்து வீட்டுப் பையனுக்கு இது ஒத்துக்கொள்ளவில்லையாம்" என்பதை வைத்து நாம் முடிவு செய்யக் கூடாது.

2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 1493 நோயாளர்களில் 74 விழுக்காட்டினர் 18 மாதங்களுக்குள் முதலில் கொடுத்த மருந்தை நிறுத்தினார்கள் அல்லது மாற்றினார்கள். ஓலன்சபின் எடுத்தவர்களே அதிக காலம் தொடர்ந்தார்கள். ஆனால் அவர்களில் 30 விழுக்காட்டினருக்கு எடை 7 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. முதல் மருந்து பொருந்தாமல் போவது தோல்வி அல்ல, வழக்கமான ஒன்றுதான் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்கிறோம்.

குளோசபினின் கதையும் நமக்கு ஒரு பாடம். 1975-இல் பின்லாந்து நாட்டில் இம்மருந்தால் வெள்ளை இரத்த அணுக்கள் குறைந்து சிலர் இறந்தார்கள். பல நாடுகள் அதை ஒதுக்கின. 1988-இல் வெளியான ஆய்வில், வேறு மருந்துகளுக்கு அசையாத நோயாளர்களில் 30 விழுக்காட்டினர் அதனால் முன்னேறினார்கள். ஒப்பிடப்பட்ட பழைய மருந்தால் முன்னேறியவர்கள் 4 விழுக்காட்டினரே. எனவே தவறாத இரத்தப் பரிசோதனையோடு அது திரும்ப வந்தது. ஆபத்து தெரிந்தபின் அதற்குக் காவல் வைத்தார்கள். பல குடும்பங்கள் பிள்ளைகளைத் திரும்பப் பெற்றன.

கேட்க வேண்டியவை, பார்க்க வேண்டியவை

மருந்தைத் தொடங்கும் முன் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைப்போம். முதல் மூன்று மாதங்கள் மாதம் ஒருமுறை எடை பார்ப்போம். மூன்றாம் மாதம் சர்க்கரையும் கொழுப்பும் மீண்டும் பார்க்கலாம். எடை ஏறினால் தொடக்கத்திலேயே சொன்னால்தான் உணவு, நடைப்பயிற்சி, மருந்து மாற்றம் என்று ஏதாவது செய்ய முடியும். பதினைந்து கிலோ ஏறியபின் சொன்னால் இறக்குவது கடினம்.

மருத்துவரிடம் இவற்றைக் கேட்கலாம்: இம்மருந்து எதற்காக? பயன் தெரிய எத்தனை வாரம் ஆகும்? முதலில் என்ன தொல்லை வரும், எது தானாகக் குறையும்? எதற்காக உடனே வர வேண்டும்? எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்? இப்போது எடுக்கும் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா? கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் என்ன செய்வது? பொதுவாகத் தூக்கக் கலக்கம் முதல் நாட்களில் அதிகமாகவும் பிறகு குறைவாகவும் இருக்கும். நோய் தணியவோ சில வாரங்கள் ஆகும். அதாவது தொல்லை முதலில் வரும், பயன் பின்னால் வரும். இந்த இடைவெளியில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். திடீரென நிறுத்துவது மிகவும் ஆபத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகையிலைப் புகை ஓலன்சபின், குளோசபின் மருந்துகளை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றுகிறது. தவக்காலத்தில் சிகரெட்டை விட்டுவிடுவது நல்ல முடிவுதான். ஆனால் விட்டவுடன் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடி, மயக்கமும் தளர்ச்சியும் வரலாம். எனவே விடும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுவோம்.

கடும் காய்ச்சலோடு உடல் விறைத்து, நினைவு தடுமாறினால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை தேவை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பல நாள் மலச்சிக்கல் ஆகியவற்றையும் அலட்சியம் செய்யக் கூடாது.

சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

மறுக்கும் பிள்ளைக்குச் சாம்பாரிலோ காப்பியிலோ மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுக்கும் பெற்றோர் பலர். அவர்களுடைய வேதனை நமக்குப் புரிகிறது. ஆனால் தனக்குத் தெரியாமல் மருந்து எடுப்பவரால் பக்கவிளைவைச் சொல்ல முடியாது. நாக்கு தடிக்கிறது, கைகால் இழுக்கிறது, காரணம் தெரியவில்லை! "எனக்கு ஏதோ கலந்து கொடுக்கிறார்கள்" என்ற அவருடைய சந்தேகம் அப்போது உண்மையாகிவிடுகிறது. தெரியவந்தால் வீட்டுச் சோற்றையே தொடமாட்டார். கஷ்டமானாலும், மருத்துவரிடம் சொல்லி வேறு வழி தேடுவதே நல்லது.

2018-இல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும், தனக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் நோயாளருக்கு உரிமை தருகிறது. சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் கருகி இறந்ததை நாம் மறக்க முடியாது.

செபமும் மருந்தும்

"செபம் செய்தேன், குணமாகிவிட்டது, மாத்திரையை எறிந்துவிட்டேன்" என்று சாட்சி சொல்வோரைக் கேட்டுத் தம் மாத்திரையையும் எறிந்தவர்கள் உண்டு. மருந்து உடலில் குறையச் சில வாரங்கள் நன்றாகவே இருக்கும். தூக்கக் கலக்கம் போய் உற்சாகமும் வரும். பிறகு நோய் திரும்பும். அப்போது "உன் விசுவாசம் போதவில்லை" என்று அவர் தலையில் இன்னொரு பாரத்தை வைப்பது எவ்வளவு கொடுமை! சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் மருத்துவரையும் மண்ணிலிருந்து வரும் மருந்தையும் ஆண்டவரின் கொடை என மதிக்கிறது. நோயாளர் இறைவனிடம் மன்றாடவும் சொல்கிறது, மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. செபத்தையும் மருந்தையும் விவிலியமே பிரிக்காதபோது நாம் ஏன் பிரிக்க வேண்டும்?

நற்கருணை வாங்க வேண்டும் என்பதற்காகக் காலை மாத்திரையைத் தள்ளிப்போடுவோரும் உண்டு. தேவையில்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிக்காது என்று திருச்சபைச் சட்டம் 919 தெளிவாகச் சொல்கிறது.

பெல்ஜியம் நாட்டில் புனித திம்ப்னாவின் திருத்தலம் உள்ள கேல் என்ற ஊரில், நடுக்காலம் தொட்டு மனநோயாளர்களை ஊர்க் குடும்பங்கள் தம் வீடுகளில் ஏற்றுப் பராமரித்து வந்திருக்கின்றன. அவ்வளவு பெரிய செயல் நம்மால் முடியாமல் போகலாம். சிறியவை முடியும். மருந்தால் எடை கூடியவரைப் பார்த்து "நல்லா குண்டாயிட்டியே" என்று கேலி செய்யாமல் இருக்கலாம். திருப்பலியில் தூங்கி விழுபவரை முறைக்காமல் இருக்கலாம். கை நடுங்குவதால் நற்கருணையை நாவில் வாங்குபவரை உற்றுப் பார்க்காமல் இருக்கலாம். பரிசோதனை நாளில் அரசு மருத்துவமனை வரிசையில் அந்தத் தாய்க்குத் துணையாக நிற்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம்.

பக்கவிளைவைத் தாங்குவது மாத்திரை விழுங்குபவரின் உடல்தான். ஆகவே தராசில் எந்த எடை எவ்வளவு என்று சொல்வதில் முதல் குரல் அவருடையதாக இருக்கட்டும். மருத்துவரின் அறிவும் குடும்பத்தின் அன்பும் அந்தக் குரலுக்குத் துணை நிற்கட்டும். இந்த வாரம் நம் பங்கில் அப்படி ஒரு வீடு இருந்தால், அறிவுரை சொல்லாமல், "மாத்திரை எப்படி இருக்கிறது? தூங்க முடிகிறதா?" என்று அன்போடு ஒருமுறை கேட்போம். பதிலைப் பொறுமையோடு கேட்கும் வரத்தை இறைவன் நமக்குத் தருவாராக!